நாற்றம் காரணமாக மாற்றல் கோரியது

மாற்றல் கேட்டு மனுச் செய்த ஊழியர், அதன்மேல் உத்தரவு பிறக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விதி அவ்வளவுதான். வியாக்கியானத்துக்கு இடமே இல்லை. பதிவுத் துறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், வியாக்கியானத்துக்கு இடமில்லாத விதிகளைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஆம்பூர் சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் தலைமை குமாஸ்தா. மனைவி டைபாய்டில் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஓட்டல் சாப்பாடு. மெட்ராஸிலிருந்து வரும் ரயிலில் ஆம்பூரில் இறங்குகிறவர்களை யாரும் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழியில் ஊறும் பச்சைத் தோலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரும் சேர்ந்து, ஊர் வருவதற்கு முன்பே எழுப்பிவிடும். இறங்காதவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ஆம்பூரில் சேர்ந்த முதல் வருடமே மாற்றல் மனு எழுதினேன். மூன்று பக்கம், இங்கிலீஷில். எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மழை பெய்தால் நாற்றம் எப்படி இரட்டிக்கிறது, அதனால் என் மூக்கு எவ்வாறு அடைத்துக்கொள்கிறது என்று விவரித்து, கடைசி விஷயத்துக்கு உள்ளூர் டாக்டரின் சான்றும் வைத்தேன். அதைவிட நல்ல மனுவை நான் எழுதியதில்லை. ஜில்லா ஆபீஸிலிருந்து கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. வருடத்துக்கொரு நினைவூட்டு அனுப்பிவந்தேன்.

சாயங்காலங்களில் எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் தோல் மண்டி வைத்திருந்தார். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்து மெட்ராஸுக்கு அனுப்புவது அவர் தொழில். ஊரே அவரைப் பாய் என்றது, நானும் அப்படியே. இன்னொருவர் குடியாத்தத்தில் தறி போட்டிருந்த முதலியார். லுங்கி மூட்டையோடு வாரம் இரண்டு முறை வருவார். மூவரும் ஸ்டேஷன் எதிரே டீ குடிப்போம்.

நான் வந்த நாலாவது வருடம் ஒரு சாயங்காலம் கேட்டேன். "ஒரு வாரமா நாத்தமே இல்லையே, தோல் ஷாப்பெல்லாம் ஸ்டிரைக்கா?"

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "ஸ்டிரைக்கா? காலைலதான் நாலு லாரி பச்சைத் தோல் எறங்கிச்சு. வேற ஒண்ணுமில்ல சார். நீங்க பாஸாய்ட்டீங்க."

"இன்னாத்துல பாஸு?" என்றார் முதலியார்.

"ஊர்க்காரர் ஆய்ட்டாரு. எங்க மச்சான் மேல்விஷாரத்துலருந்து வந்தவன், அதுவும் தோல் ஊருதான், அவனுக்கே ஆறு வருசம் புடிச்சுது. சாருக்கு நாலுதான். படிச்ச மூக்கு."

"அப்ப இங்கியே ஒரு பொண்ணப் பாத்துடலாம் பாய்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் அந்த வருடத்து நினைவூட்டை நிறுத்தவில்லை. மூக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்பதற்காக நடைமுறையைக் கைவிட முடியாது.

பிறகு இடது பக்கத்து மேல் கடைவாய்ப்பல் ஆடியது. கைக்குட்டையில் ரத்தம் பட்டது. பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினார். குழி மூடவில்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். பாய் மண்டியைச் சாத்திவிட்டுக் கூட வந்தார்.

அங்கே என்னைப் பார்த்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர் அம்மாள். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். "தங்கள் மேல்தாடையினுள் ஒரு கட்டி வளர்ந்து மூக்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது புற்றுநோய். அதனை எலும்போடு நீக்குதல் வேண்டும். தாங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்றார். அவ்வளவு இலக்கணமாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வரவில்லை. நான் பாஸானது எதில் என்று அப்போதுதான் விளங்கியது. பாயும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

இடது மேல்தாடை, அண்ணத்தில் பாதி, மூக்கின் உட்புறத்தில் ஒரு பகுதி, இவற்றை எடுத்தார்கள். மிச்சம் மீதி இருந்தால் கருகட்டும் என்று எக்ஸ்ரே வைத்தார்கள். அதில் வலது மூக்கும் சேர்ந்து அணைந்துபோனது. அண்ணத்து ஓட்டையை அடைக்க ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள். தட்டு இருந்தால் பேசலாம், குடிக்கலாம். இல்லாவிட்டால் குடித்தது மூக்கு வழியாக வரும், பேசியது எங்கும் வராது.

வீட்டுக்கு அனுப்பும் முன் வார்டு சிஸ்டர் என் இரு சிநேகிதர்களையும் கட்டிலருகே நிறுத்தினார். அதிகம் சிரிக்காதவர். "தினமும் இந்தத் தட்டைக் கழட்டி, உப்புத் தண்ணியில உள்ள கழுவணும். டார்ச் அடிச்சுப் பாக்கணும். அவரால அவர் வாய்க்குள்ள பாத்துக்க முடியாது. வாசனையும் தெரியாது. நாத்தம் மாறினா, ரத்தம் பட்டா, அன்னிக்கே கூட்டிட்டு வரணும். கட்டி திரும்பி வந்தா அப்படித்தான் வரும், ஒரு வருஷம் விடக்கூடாது. யாரு பாத்துக்கப் போறீங்க?"

முதலியார் குனிந்து, திறந்திருந்த என் வாய்க்குள் பார்த்தார். பிறகு வராந்தாவில் போய்த் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். பாய் டார்ச்சை வாங்கிக்கொண்டார். தோலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நிதானத்தோடு பார்த்தார்.

"செகண்ட்," என்றார்.

"என்னது?"

"தோல்ல ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, அப்புறம் ரிஜெக்‌ஷன். இது செகண்டு சிஸ்டர். ஓரத்துல கொஞ்சம் செவப்பு கீது."

சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்குது," என்றார். பிறகு சந்தேகத்தோடு, "நீங்க தோல் மண்டி. உங்க மூக்குக்கு நாத்தம் தெரியுமா?"

பாயின் முகம் மாறியது. "தெரியாதுன்னு யாரு சொன்னா? பொறந்ததுலருந்து தெரியும். சொல்றதில்ல, அவ்ளதான். சொல்லிக்கினே இருந்தா அந்த ஊர்ல இருக்க முடியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சார்கிட்டயும் தெரிஞ்சுது. ஆறு மாசமா. பக்கத்துல உக்காந்தா வரும். பல்லுதான் இன்னாவோன்னு நெனச்சேன். மரியாதப்பட்டவர்கிட்ட எப்படி சொல்றது?"

"இனிமே மரியாதை வேணாம்," என்றார் சிஸ்டர். "தினமும் சொல்லுங்க."

நான் ஏதோ சொன்னேன். தட்டு சிஸ்டர் கையில் இருந்ததால் யாருக்கும் புரியவில்லை.

ஆம்பூர் திரும்பியபின் பாய் தினமும் காலையில் மண்டி திறக்கும் முன் டார்ச்சோடு வந்தார். தட்டைக் கழற்றுவார், கழுவுவார், பார்ப்பார், முகர்வார், தரம் சொல்வார். "நேத்து தேர்டு. இன்னிக்கு செகண்டு." வந்த நாட்களில் முதலியார் தண்ணீர் காய்ச்சி உப்புப் போடுவார். வாய்க்குள் மட்டும் பார்க்க மாட்டார். கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சாயம் பிசகிய லுங்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் வீட்டில் எனக்காகக் கறி போடாமல் நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள். நோன்பு மாதம் இல்லையே என்றேன். "ஒங்களுக்கு வருசம் பூராவும் நோன்புதான் சார்," என்றார் பாய். எனக்கு அது சுடுகிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஆபீசில் இரண்டு மேஜைகள் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தன. வெளிச்சம் போதவில்லை என்றார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் ஜில்லா ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. நாற்றம் குறித்த என் மனு அனுதாபத்தோடு பரிசீலிக்கப்படுவதாகவும், வந்தவாசியில் காலியாகும் இடத்துக்கு உத்தரவு பின்னால் வரும் என்றும். கடைசி நினைவூட்டு வேலை செய்துவிட்டது.

வந்தவாசிக்கு ரயில் இல்லை. வேலூர் வர இரண்டு பஸ் மாற வேண்டும். காற்று சுத்தமானது என்று கேள்வி. அங்கேயும் நல்ல மனிதர்கள் இருப்பார்கள், மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்துவார்கள். என் வாய்க்குள் டார்ச் அடித்து நாறுகிறது என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

விதிப்படி அன்றைக்கே ஒரே வரியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பதில் வரவில்லை. கேள்விதான் வந்தது. 'ஆம்பூர்க் காற்று தம் மூக்குக்கு ஒவ்வாது என்று டாக்டர் சான்றோடு மனுச் செய்தவர், இப்போது ஆம்பூரிலேயே இருக்க விரும்புவதாகத் தெரிகிறது. இரண்டில் எது உண்மை என்று விளக்கம் தரவும்.'

விளக்கம் எழுதினேன். 'இரண்டும் உண்மை. முதல் மனுவில் குறிப்பிட்ட மூக்கின் சம்பந்தப்பட்ட பகுதி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டுவிட்டது. அந்த மூக்கு இப்போது இல்லை.'

வேலூர் போய் டாக்டர் அம்மாளிடம் சான்று கேட்டேன். "அழுத்தி எழுதுங்க டாக்டர், இல்லாட்டி இவரை நாம திரும்பப் பாக்க மாட்டோம்," என்றார் சிஸ்டர். நோயாளியைப் பயிற்சி பெற்ற ஒருவர் தினமும் சோதிக்க வேண்டும், அப்படிப்பட்டவர் ஆம்பூரில் இருக்கிறார் என்று டாக்டர் அம்மாள் எழுதிக் கையெழுத்திட்டார்.

பாய் அதை மூன்று முறை படிக்கச் சொன்னார். "ட்ரெயின்டுன்னா நானா?"

"மண்டி போர்டுல எழுதிக்கங்க பாய்," என்றார் முதலியார்.

விளக்கமும் சான்றும் போயின. மாதங்களும் போயின. தினமும் தபால்காரன் வந்துபோன பிறகு முதலியாரோ பாயோ ஆபீஸ் வாசலில் தலையைக் காட்டுவார்கள். நான் தலையை ஆட்டுவேன். "பேஜாரான டிபார்ட்மெண்டு," என்று பாய் போவார். ஒரு நாள் முதலியார் கேட்டேவிட்டார். "வந்தவாசி ஆர்டரே வந்துட்டா?"

"ராஜிநாமா இருக்கிறது," என்றேன். "அதற்கும் விதி இருக்கிறது."

ஐப்பசி மழையில் ஒரு காலை. முதலியாரும் இருந்தார். பாய் தட்டைக் கழற்றியிருந்தபோது வலது மூக்கில் ஏதோ நுழைந்தது. முதலில் சுண்ணாம்பு, பின்னாலேயே அழுகல். நான் கையை ஆட்டித் தட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, "நாத்தம்," என்றேன்.

பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. தட்டைப் பிடுங்கி, டார்ச் அடித்து, மூக்கை என் வாய்க்குள் விடாத குறையாக முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "ஒண்ணும் இல்லியே சார். சுத்தமா கீதே."

தட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். "என்னுது இல்ல. ஊர்."

பாய் கட்டிலில் உட்கார்ந்தார். "ஊரா? அது எப்பவும் கீது."

"அப்ப சார் பெயிலாய்ட்டாரு," என்றார் முதலியார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

இன்றைக்கு ஃபர்ஸ்ட்தானே என்று பாயைக் கேட்டேன். டார்ச்சைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "ஃபர்ஸ்ட்டெல்லாம் லண்டனுக்குப் போய்டும் சார். நீங்க செகண்ட்லயே இருங்க."

மழை விடவில்லை. மனுவில் நான் எழுதியிருந்தது சரிதான், மழைக்கு அது இரட்டிக்கத்தான் செய்தது. ஆபீஸ் ஜன்னல்களைச் சாத்தலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் ஜில்லா ஆபீஸிலிருந்து பதில் வந்தது. வேண்டுகோள் ஏற்கப்பட்டது, வந்தவாசி மாற்றல் கைவிடப்பட்டது. ஆனால் மனுதாரர் ஆம்பூர் நாற்றத்தைக் குறித்து இனி எக்காலத்திலும் முறையிட உரிமையற்றவர் ஆகிறார். இதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் இட்டு நகலைத் திருப்பி அனுப்பவும்.

வாசலில் பாய் தலையைக் காட்டினார். தலையை ஆட்டுவதற்குப் பதிலாகக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். பிறகு கையெழுத்துப் போட்டு, அதன் கீழே, புது ஊரில் வேலை ஏற்கும்போது எழுதுகிற முறைப்படி எழுதினேன்: நவம்பர் ஒன்பது, முற்பகல்.