எடை நிற்காமல் டிஸ்க் மாற்றிய மாலை

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் நீலகிரியின் குந்தா பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் நான் கணக்கர். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையெல்லாம் ஒரு விர்ச்சுவல் மெஷினில் பதிவாகும். சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் அது. அதன் டிஸ்க் இருந்த பழைய ஸ்டோரேஜ் பெட்டி அன்று மதியத்திலிருந்து பிழை காட்டியது. பேக்கப்போ போன வாரத்தோடு நின்றிருந்தது. இந்த வார எடை அழிந்தால் எங்களை யார் நம்புவார்கள்? ஏற்கெனவே பாதிப் பேர் வேறு ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள்.

கோவையிலிருந்து வந்த இன்ஜினீயர் அம்மா சொன்னார்: "மெஷினை நிறுத்த வேண்டாங்க. நிறுத்தினா மறுபடி எழுமான்னு எனக்கே தெரியாது. ஓட ஓடவே டிஸ்க்கைப் புதுப் பெட்டிக்கு மாத்திரலாம். நடுவுல வர்ற எடை ரெண்டு பக்கமும் பதியும்."

"கரண்ட் போனா?"

"யூபிஎஸ் அரை மணி தாங்குமுங்க."

வெளியே மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பிக்கட்டி ஊரிலிருந்து இலை கொண்டுவந்த பிக்கட்டிக்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க, உங்க பெட்டி இன்னிக்கு மூட்டைக்கு எத்தனை கிலோ தின்னுச்சுங்க?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

டிஸ்க் மாற்றம் எழுபத்தொரு சதவீதத்தில் இருந்தபோது கரண்ட் போனது. டீசல் சிக்கனம் என்று ஜெனரேட்டரை இலை உலர்த்தும் டிரையருக்கு மட்டுமே ஓட்டுவோம். யூபிஎஸ் கீச்சிட்டது, எட்டே நிமிஷம் என்று காட்டியது.

"அரை மணின்னீங்களே?"

"அப்படித்தானுங்க இருக்கணும்…" அவர் முகமும் வெளுத்தது.

எனக்குக் கவலை வந்தால் கண்ணில் பட்டதை எண்ணுவேன். யூபிஎஸ்ஸில் செருகியிருந்த வயர்களை எண்ணினேன். சர்வர், பழைய பெட்டி, புதுப் பெட்டி, நெட்வொர்க். நான்கு போதும், ஐந்து இருந்தன. ஐந்தாவது மேனேஜர் மேஜைக்கு அடியில் போனது. குளிருக்குக் கால் காய வைத்திருந்த சின்ன ஹீட்டர். கரண்ட் போனாலும் அணையாத பிளக் என்று பார்த்துச் செருகியிருக்கிறார்.

பிடுங்கினேன்.

"பெரியவரே, காலு விறைச்சுப் போகுமுங்க!" என்று மேஜையிலிருந்து மேனேஜர் கத்தினார்.

"ஃபேக்டரி விறைக்கறதுக்குப் பதிலாக் காலு விறைக்கட்டுங்க."

அவர் முணுமுணுத்தபடி காலி இலைச் சாக்கை எடுத்துக் காலில் சுற்றிக்கொண்டார். யூபிஎஸ் இருபத்திரண்டு நிமிஷம் என்றது. ஒருவழியாக நூறு வந்தது. மெஷின் புதுப் பெட்டியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினீயர் அம்மா பழைய பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அது எழவேயில்லை.

கரண்ட் வந்ததும் நான் ஓடிப்போய்ப் பிக்கட்டிக்காரரின் எடைச் சீட்டை அச்சிட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து அவர் போட்ட இலை முழுவதும் அதில் இருந்தது. விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"சரியாத்தானுங்க இருக்குது."

"நாளைக்கும் இங்கதானுங்களே?"

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாக்கலாமுங்க."