நாற்காலிக்கு அடியில் ஒட்டிய பெயர்

'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கைபேசியில் பார்த்ததும் லெஸ்டர் அதற்கு மேல் படிக்கவில்லை. ஆசனவாய்க்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சோதனையின் முடிவு அது. உடலுறவில் தொற்றுகிற எச்.பி.வி. வைரஸ்; புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய வகை.

அறுபத்து நான்கு வயது. சான் பிரான்சிஸ்கோவில், ஆணை நேசிக்கும் ஆண்கள் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய கேஸ்ட்ரோ தெருவில் நாற்பது வருஷம். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் எச்.ஐ.வி.க்காக இதே சொல்லை ஒரு டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதே சொல்லைக் கேட்ட நண்பர்கள் எட்டுப் பேர் ஒவ்வொருவராகப் போனார்கள். எச்.ஐ.வி.யை அடக்கும் மாத்திரை வரும்வரை தாக்குப்பிடித்தவன் அவன் ஒருவன்தான்.

அப்போது தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒவ்வொரு சாமானுக்கு அடியிலும் அது யாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால், பத்து வருஷமாக எட்டிப்பார்க்காத சொந்தக்காரர்கள் லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். கூட வாழ்ந்தவன் தெருவில் நிற்பான்.

லெஸ்டர் ஒட்ட ஆரம்பித்தான். கிளினிக்கிலிருந்து நர்ஸ் ஓடெட் மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை பல்பு மாற்ற நாற்காலியைத் தூக்கிய ரமிரோ அடியில் தன் பெயரைப் பார்த்தான். பள்ளிக்கூடச் சமையல்காரன், லெஸ்டரோடு பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் துணையாக வாழ்பவன். கேட்டதும் லெஸ்டர் மறைக்காமல் சொல்லிவிட்டான்.

ரமிரோ நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். பிறகு லெஸ்டர் பயந்த கேள்வியையே கேட்டான்.

"யார்கிட்ட இருந்து?"

"தெரியல."

"பதினெட்டு வருஷமா என்னை முட்டாளாக்கிட்டு இருந்தியா?"

இல்லை என்று லெஸ்டர் சொன்னது அவனுக்கே வலுவில்லாமல் கேட்டது. ரமிரோ கைபேசியை எடுத்து அவன் மடியில் வைத்தான்.

"ஒட்டுறதுக்கு நேரம் இருக்கு, போன் பேச நேரம் இல்லையா கிழவா? போடு. நானும் கேக்கணும்."

ஓடெட் பொறுமையாகச் சொன்னாள். "புத்துநோய்னு யாரு சொன்னா லெஸ்டர்? வைரஸ் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். எச்.ஐ.வி. இருக்குற ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு எச்.பி.வி. இருக்கு. ஆனா உங்களுக்கு வந்திருக்கிறது பதினாறாம் வகை, கொஞ்சம் பொல்லாதது. அதனால பெருசாக்கிக் காட்டுற கருவி வெச்சு உள்ள பாக்கணும். செல் மாறியிருந்தா, முத்துறதுக்கு முன்னாடியே எரிச்சுடலாம்."

எப்போது வந்தது என்று ரமிரோ குறுக்கே கேட்டான்.

"முப்பது வருஷமா சத்தமில்லாம படுத்துக் கிடந்திருக்கலாம். போன வருஷமும் வந்திருக்கலாம். உங்ககிட்ட இருந்தேகூட வந்திருக்கலாம். எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது."

செத்துப்போன எட்டுப் பேரில் ஒருவன் விட்டுப்போனதாகவும் இருக்கலாம் என்று லெஸ்டர் நினைத்தான். சொல்லவில்லை. சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ரமிரோ லீவு போட்டுக்கொண்டு கூட வந்தான். மாறிய செல்லை வெளுத்துக் காட்டும் காடித்தண்ணீரை, அதாவது வினிகரை, உள்ளே தடவியதும் ஓரிடம் வெளுத்தது. டாக்டர் அதில் துளி சதை கிள்ளி எடுத்தார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

வெளியே ரமிரோ கேட்டான்: "ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு."

"ஒண்ணும் இல்ல."

நம்பினானா என்று தெரியவில்லை. திரும்பும்போது டிராமில் இடம் நிறைய இருந்தது. கிள்ளிய இடம் வலித்ததால் லெஸ்டரால் உட்கார முடியவில்லை. ரமிரோவும் உட்காரவில்லை, ஒரு கம்பி தள்ளி நின்றுகொண்டான்.