தலைகீழ்க் கண்ணாடியில் நிமிர்ந்து நின்றவர்

பேய், பிசாசு என்று எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தைக் கழற்றி மாட்டியவன். காரணம் இல்லாமல் ஒரு சக்கரமும் சுற்றாது என்று எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஊரடங்கு மணி அடித்தால் எவனும் வெளியே தலைகாட்டக்கூடாது என்று வைத்திருந்தார்கள். எங்களுக்குப் போலீசிடமும் பயம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளிடமும் பயம். அது போதாதென்று கிரகணத்தில் நிலவைப் பாம்பு விழுங்குகிறது, வால்நட்சத்திரம் வந்தால் சாவு என்று வேறு பயம். அந்தப் பயத்தையாவது ஒழிக்கலாமென்று பள்ளிக்கூட வாத்தியாரும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து வான் பார்க்கும் சங்கம் ஆரம்பித்தோம். வாத்தியார் ஈப்போ பட்டணத்தில் பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கி வந்தார். எதைப் பார்த்தாலும் தலைகீழாகக் காட்டும். கோளாறு இல்லை, வானம் பார்க்கிற கருவி அப்படித்தான். நிலவுக்கு மேல் ஏது, கீழ் ஏது?

மூன்றாம் பிறை பார்க்கப் பெண்கள் எப்படியும் வாசலுக்கு வருவார்கள். அதனால் அந்த நாளையே பிடித்தோம். மணி அடிப்பதற்கு முன்னால், கம்பிக்கு உள்ளே இருந்த பந்து மைதானத்தில் பிறையைக் காட்ட எஸ்டேட் துரை அனுமதி கொடுத்தார்.

கூட்டம் வந்தது. பாக்கியமும் வந்தாள். அவள் புருஷன் முனியாண்டி, மேற்கு முகட்டிலிருந்து லயத்துக்கு வருகிற தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்கிறவர். சில வாரங்களுக்கு முன் வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. காட்டுக்காரர்களோடு சேர்ந்துவிட்டான் என்று எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி முடிவு கட்டிவிட்டான். குழாய்ப் பாதையில் ஒருத்தன் ஒழுங்காகத் தேடவில்லை. தேடுவானேன், பழியைப் போட்டால் வேலை முடிந்தது. மாதக் கடைசிக்குள் அவள் கைக்குழந்தையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். காட்டுக்காரன் பெண்டாட்டி என்று பேர் வந்துவிட்டால் எந்த எஸ்டேட்டிலும் சேர்க்க மாட்டார்கள்.

நிலவு முகட்டில் இறங்குகிற நேரம். அங்கிருந்த மரங்களும் கண்ணாடிக்குள் வந்துவிட்டன.

"என்னாண்ணே இது, மரமெல்லாம் வௌவால் மாதிரி தொங்குது?" என்றாள் கொழுந்து பறிக்கிற மாரியாயி.

"கண்ணாடி அப்படித்தான் காட்டும். நீ பிறைய பாரு."

"தொரைய இதுல பாக்கணும்லா. பூட்சு மேல, தொப்பி கீழ!"

காவலுக்கு நின்ற போலீஸ்காரன்கூடச் சிரித்துவிட்டான்.

அடுத்தது பாக்கியம். "பிறை பாத்த கையோட புடிச்சவங்க மூஞ்சிய பாக்கணும்பாங்க. எனக்கு யாரு மூஞ்சி இருக்குண்ணே?" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"நிக்கிறாரு."

"யாரு?"

"அவருதான். தலையில துண்டு கட்டிக்கிட்டு நிக்கிறாரு. வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலியே!"

அவளை விலக்கிவிட்டு நான் பார்த்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள். மரங்கள் தலைகீழாகத் தொங்கின. நடுவில் முனியாண்டி நிமிர்ந்து நின்றார். முகம் பளிச்சென்று தெரிந்தது, உதடுகள் அசைந்தன. நிலவுக்கு முன்னால் நிற்கிறவன் கறுப்பாகத்தானே தெரிய வேண்டும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வேறொன்று உறைத்தது. எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டுகிற கண்ணாடியில் ஒருவன் நேராக நின்றால், அங்கே அவன் எப்படிக் கிடக்கிறான்?

வாத்தியார் குனிந்து பார்த்தார். "வெறும் மரந்தான்யா தெரியுது" என்றார். நிலவு இறங்கிவிட்டது. மணி அடித்தது.

விடிந்ததும் போலீஸ் சார்ஜனிடம் போய், முனியாண்டியை முகட்டுக் குழாய்ப் பாதையில் தேடுங்கள் என்றேன்.

"அங்க கெடக்கான்னு ஒனக்கு எவன் சொன்னான்? காட்டுக்காரனா?"

"எவனும் சொல்லல. தேடிப் பாருங்க. இல்லன்னா என்னைய உள்ள போடுங்க, இன்னிக்கே."

என் கையைக் கட்டி முன்னால் நடக்கவிட்டார்கள். காட்டுக்காரன் சுட்டால் நான் முதலில் சாகட்டுமாம்.

முகட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் மைதானத்திலிருந்து எந்தக் கண்ணாடி வைத்தாலும் தெரியாத ஒரு பாறை இடுக்கில் அவர் இருந்தார். தலை கீழே, கால்கள் மேலே வேரில் சிக்கி. குழாய் முறுக்குகிற ஸ்பேனர் இடுப்புக் கயிற்றில் அப்படியே தொங்கியது. வேலை செய்யும்போதே வழுக்கி விழுந்திருக்கிறார். என் கட்டை அவிழ்த்தார்கள். ஒருத்தனும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாக்கியத்துக்கு வீடு நிலைத்தது, புருஷன் பேரும் கழுவப்பட்டது. கிராணி அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், அவ்வளவுதான்.

அவரை வெளியே இழுத்தவர்களில் நானும் ஒருவன். தலை கழுத்துவரை சேற்றில் புதைந்திருந்தது. வாய் நிறையக் களிமண், இறுகிப் போயிருந்தது. நான்தான் விரலைவிட்டுத் தோண்டி எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. லயத்துக்குக் கொண்டுவந்த பிறகு பாக்கியம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் பாத்தீங்கல்ல. என்னாண்ணே சொன்னாரு?"

தெரியவில்லை என்றேன். அன்றைக்கு உண்மையாகவே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த உதடுகள் அசைந்த விதம் மறக்கவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் முகச்சவரம் செய்யும்போது, கண்ணாடியைப் பார்த்து என் உதட்டை அதேபோல் அசைத்தேன், கொஞ்சம் சத்தத்தோடு. வந்தது அவள் பேர் இல்லை, குழந்தை பேரும் இல்லை.

என் பேர்.