கோபம் வராத சாயங்காலம்

என் அம்மா எவுலாலியாவுக்குச் சர்க்கரை நோய் வந்தது இனிப்பால் அல்ல, கோபத்தால். அப்படித்தான் அவள் சொல்வாள். தாத்தா விட்டுப்போன மக்காச்சோளக் காட்டில் அவள் பங்கையும் சேர்த்து அவளுடைய அண்ணன் காசிமிரோ விற்றுவிட்ட அன்று, அவளுக்கு வாய் கசந்ததாம். அந்தக் கசப்பு இறங்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்துச் சர்க்கரை என்றார்கள். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோபத்தால் வந்த நோய்க்கு அவளிடம் ஒரு விதி உண்டு. கோபப்பட்ட நாளில் மருந்து கூடாது. கொதிக்கிற உடம்பில் மருந்து விஷமாகிவிடும். பக்கத்து வீட்டு தியோஃபிலோ, மகனோடு சண்டை போட்ட கையோடு இன்சுலின் போட்டுக்கொண்டார். வருஷம் திரும்புவதற்குள் பார்வை போய்விட்டது. அதை அம்மா நேரில் பார்த்தவள். சர்க்கரை முற்றினாலே கண் போகும் என்று நர்ஸ் பவுலினா சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் கோபம் வராத நாள் ஏது? தண்ணீர் லாரி நிற்காமல் போகும். மாவு மில்லில் கரண்டு இருக்காது. என் அண்ணன் எலிசேயோ தன் மூன்று சக்கர மோட்டார் டாக்சியை எங்காவது இடித்துவிட்டு வருவான். அம்மா காலையில் சர்க்கரைக்கு நல்லதென்று சப்பாத்திக்கள்ளிச் சாறு குடித்துவிட்டு, நாள் முழுக்க அடுப்பின் முன் நின்று சோளரொட்டி சுட்டு விற்கிறவள். மாலையில் நான் ஊசியை எடுத்தால், "இன்னைக்கு வேணாம்டி, காலையிலயே கத்தித் தொலைச்சிட்டேன்" என்பாள்.

போன மாதம் அடுப்பிலிருந்து விழுந்த நெருப்புத் துண்டை மிதித்தாள். சுட்டதே அவளுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகு நான்தான் பார்த்தேன். கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

"அடுத்த வியாழக்கிழமைக்குள்ள சர்க்கரை இறங்கலைன்னா வஹாகா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விரலை எடுத்துருவாங்க, அக்கா" என்றார் பவுலினா.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திரும்பும் வழியில், "கட்டைவிரல் இல்லாம அடுப்பு முன்னாடி எப்படிடி நிக்கிறது?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலை ஆகிவிட்டது. நான் பக்கத்து வீட்டுச் சேவலைக்கூட விரட்டினேன். எலிசேயோ வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். "கோயில்லகூட நான் இவ்வளவு அடக்கமா இருந்ததில்ல" என்று என்னிடம் முணுமுணுத்தான்.

"அங்க போயிருந்தாத்தானே" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

செவ்வாய்க்கிழமை மாலை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் காசிமிரோ மாமா வந்து நின்றார். கையில் ஒரு பூசணிக்காய். விரல் விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. எலிசேயோ அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"இப்ப உள்ள வராதீங்க மாமா. ஊசி போட்டதும் கூப்பிடறோம்."

"நான் என்ன கோழித் திருடனாடா, ஒளிஞ்சு உக்கார?"

ஆனாலும் உட்கார்ந்தார். பிறகு இருமினார்.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

"யாருமில்லம்மா."

"யாருமில்லாதவன் இப்படி இருமமாட்டான். உங்க மாமன் அது."

ஊசி என் கையிலேயே இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். காத்திருந்தேன்.

"கசக்கலை" என்றாள். "கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லடி. குத்து."

வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்தினேன். அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"வரச் சொல்லு அவனை. காட்டைப் பத்தி வாயைத் திறந்தான்னா நாளைக்கு எனக்கு ஊசி கிடையாது. அதையும் சொல்லிரு."

சொன்னேன். மாமா தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அவள் சுட்டுப்போட்ட ரொட்டிகளைத் தின்றார். ஒருமுறை, "அந்தக் காடு..." என்று ஆரம்பித்தார். எலிசேயோ அவர் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டான். மாமா அதையும் தின்றார்.

அம்மா பாரத்தை ஒரு காலில் போட்டபடி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வியாழனுக்கு முன்னால் இன்னும் ஒரு சாயங்காலம் பாக்கி இருந்தது. நாளைக்கு, நிற்காமல் போகிற அந்தத் தண்ணீர் லாரி வரவேண்டிய நாள்.