மேரு சாலையிலிருந்து கன்னியர் மடத்துச் சுவர் வரை

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிறந்து ஒன்பது நாளான ஒரு பெண் குழந்தையையும் அதன் தாயையும் அழைத்துக்கொண்டு மேருவிலிருந்து கோலாலம்பூர் போய் வந்தேன். போகும்போது மூன்று பேர். திரும்பும்போது இரண்டு பேர். இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் இதே வழி தெரியாமல் தவிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவச்சி. மேரு சாலையை ஒட்டிய மூன்று தோட்டங்களுக்கும் நான்தான் பிரசவம் பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போனவர்கள் கால்வாயில் ஒரு சிசுவின் உடலைக் கண்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அந்தக் குழந்தையை நான் கையில் ஏந்தியிருந்தேன். தாய்க்குப் புருஷன் கிடையாது. “இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா அக்கா?” என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஒரு வழியும் தெரியாது. “சாமி விட்ட வழி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். அந்தச் சாப்பாடு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதன் பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். கிள்ளானில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது அவள் சொன்னாள்: கோலாலம்பூரில் ஒரு கன்னியர் மடம் இருக்கிறது, பக்கத்துச் சந்தில் அதன் மதில் சுவரில் மார்பு உயரத்தில் ஒரு சின்ன மரக்கதவு, உள்ளே ஒரு தொட்டில். குழந்தையைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தி மணிக்கயிற்றை இழுத்தால் உள்ளிருந்து எடுத்துக்கொள்வார்கள். பேர், ஊர், சாதி ஒன்றும் கேட்கமாட்டார்கள். நம்ப முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மைதான்.

இனி அந்தத் தாயைப் பற்றி. முத்தம்மா என்று வைத்துக்கொள்வோம். முப்பதாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அதில் அவள் புருஷனும் போனான். புல் வெட்டுகிற வேலை இருந்ததால் அவளும் ஒரு பெண் குழந்தையும் இங்கேயே தங்கினார்கள். மூன்று வருஷம் போயிற்று. இப்போது விலை ஏறி மறுபடி ஆள் எடுக்கிறார்கள். புருஷன் கப்பலேறப் போவதாகக் கடிதம் வந்த சமயம் அவளுக்கு ஏழு மாதம். யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்குப் பயம் ஒன்றுதான். புருஷனுக்குத் தெரிந்தால் அவளை விரட்டிவிட்டு, ஆறு வயது மகளைத் தன்னோடு வைத்துக்கொள்வான். அந்த மகளை விட்டு அவளால் இருக்க முடியாது.

லயத்து வரிசை வீடுகளில் ஒன்றையும் மறைக்க முடியாது என்பார்கள். வீடுகளுக்கு நடுவே பலகைதான். அந்த வரிசையில் பதினொரு பெண்கள். எல்லாருக்கும் தெரியும். ஆனால் கங்காணி கேட்டபோது “வயித்துல கட்டி, ஐயா” என்று சொன்னவள் பக்கத்து வீட்டு அஞ்சலை. மற்றவர்கள் அதையே சொன்னார்கள்.

செவ்வாய் காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். ஆண்கள் ரப்பர்க் காட்டுக்குப் போன பிறகு கிளம்புவதுதான் நல்லது. தோட்டத்திலிருந்து மேரு சாலைக்கு இரண்டு மைல் செம்மண் பாதை. பிரசவித்து ஒன்பது நாளான உடம்புக்கு அது அதிகம். மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டேன். நான் மருத்துவச்சி, கையில் குழந்தை இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

ஏழே முக்காலுக்கு மோட்டார் பஸ் வந்தது. கிள்ளானுக்கு ஏழு மைல், ஆளுக்கு இருபது காசு. டிரைவர் மலாய்க்காரர், எனக்குப் பழக்கம். “யார் குழந்தை?” என்று கேட்டார். “ஆஸ்பத்திரிக்கு” என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. அவர் தலையாட்டிவிட்டுக் குழிகளில் வண்டியை மெதுவாக விட்டார்.

எங்கள் பஸ் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். பாலத்தை நடந்து கடந்தால் ரயில் நிலையம் பதினைந்து நிமிஷம். வழியில் பாசாரில் இரண்டு இட்டிலி வாங்கி அவளைச் சாப்பிட வைத்தேன். ஒன்பது பத்துக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு ஆளுக்கு அறுபது காசு, கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை.

ஒன்றே கால் மணி நேரப் பயணம். பத்து தீகா நிலையம் வரை இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான். சுங்கை வே தாண்டினால் ஈயம் தோண்டிய குட்டைகள் வெயிலில் பளபளக்கும். முத்தம்மா மலேயாவுக்கு வந்த பிறகு ரயிலேறியது அன்றுதான். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதிர்ப் பலகையில் இருந்த ஒரு கிழவர், “தலைப்பிள்ளையா?” என்று அன்பாகத்தான் கேட்டார். “ரெண்டாவது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே வந்து, “அங்க வுட்டா வேற சாமியில்ல அக்கா கும்பிடும்?” என்றாள்.

“கும்பிடறதுக்கு உசுரோட இருக்கணும்ல” என்றேன். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பத்து இருபத்தைந்துக்குக் கோலாலம்பூர். நிலையத்தின் கோபுரங்களைப் பார்த்து அரண்மனை என்று மயங்காதவர் கிடையாது. நாங்கள் நிற்கவில்லை. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் பத்து நிமிஷ நடை. ரயில்வே குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். புருஷன் ரயில்வே கந்தோரில், அதாவது ஆபீசில், கிளார்க். அவர்கள் கிள்ளானில் இருந்த காலத்தில் அந்த அம்மாவுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்தபோது நான் கூடவே இருந்திருக்கிறேன். குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் ஒதுக்கான இடம் வேண்டும் என்றுதான் அங்கே போனேன். அதனால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

“வாங்கோ, உள்ளுக்கு இருங்கோ. வெயிலுக்கை வந்திருக்கிறியள்” என்று பின்னறையில் பாய் விரித்தார். வெந்நீர் கொண்டு வந்தார். குழந்தையின் துணியை மாற்றுகையில் கிட்டே வந்து உட்கார்ந்தார். எங்கே போகிறோம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு அந்தச் சுவர் தெரியும். முத்தம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

“பிள்ளையை எனக்குத் தாறியளோ? நான் வளர்க்கிறன். இவரும் வேண்டாமெண்டு சொல்லமாட்டார்.”

இதைவிட நல்லது என்ன வேண்டும்? நல்ல வீடு, நல்ல மனுஷி, நம் சாமி படம் சுவரில் இருக்கிறது. சரியென்று சொல்லிவிடு என்று என் கண் அவளைக் கெஞ்சியது.

முத்தம்மா பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. தலை குனிந்தபடியே சொன்னாள்: “வேணாம்மா. நீங்க நல்லா பாத்துக்குவீங்க, தெரியுது. ஆனா எனக்கு எடம் தெரிஞ்சு போச்சு. எடம் தெரிஞ்சா நான் வந்துருவேன். இன்னிக்கு இல்லாட்டி அடுத்த மாசம் வந்து இந்தப் படியில நிப்பேன். அப்பறம் எல்லாருக்கும் தெரியும். அந்த மடத்துல எனக்குப் பாக்கக் கண்ணு இல்ல. சுவருதான் இருக்கும். அதான் எனக்கு வேணும்.”

அந்த அம்மா அழவில்லை. எழுந்து போய் அடுப்படியில் தேத்தண்ணி போட்டார். கொண்டு வந்து முத்தம்மாவின் பக்கத்தில் வைத்தார். “குடியுங்கோ பிள்ளை. இதைக் குடிச்சாத்தான் உடம்பு தேறும்” என்று மட்டும் சொன்னார். நான் அந்த வீட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது. இரண்டு பேரையும் நான் வருத்திவிட்டேன்.

பதினொரு மணிக்குக் குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. ரிக்‌ஷா பிடித்தோம். மடம் இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, முப்பது காசு. மடத்தின் பெயரையோ தெருவையோ நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வேடிக்கை பார்க்கிறவர்களும் வந்து நிற்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் எந்த மருத்துவச்சியைக் கேட்டாலும் வழி சொல்வாள். ரிக்‌ஷாவை வாசலுக்குக் கொண்டு போகாமல் சந்து தொடங்கும் மூலையிலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

சந்தில் ஒரு சீனத்தி தள்ளுவண்டியில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று ஒரு மரத்தடியில் கால் மணி நேரம் நின்றோம். அவள் எங்களைப் பார்த்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மூலை தாண்டிப் போய்விட்டாள். வியாபாரம் முடிந்து போனாளா, எங்களுக்காகப் போனாளா, தெரியாது.

கதவைத் திறந்தேன். உள்ளே வெள்ளைத் துணி விரித்த தொட்டில். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை. முத்தம்மா குழந்தையைப் படுக்க வைத்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. குழந்தையின் தலைக்குக் கீழே அவள் உள்ளங்கை. நான் கயிற்றை இழுத்துவிட்டேன். உள்ளே மணி அடித்தது. காலடிச் சத்தம் வந்தது. உள்பக்கக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. முகம் தெரியவில்லை. ஒரு பெண் குரல், நம் தமிழில்:

“கடைசியா எப்போ பால் குடிச்சிச்சு?”

வேறு எதையும் கேட்பார்கள் என்று பயந்திருந்தேன். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “பதினோரு மணிக்கு” என்றேன் நான்.

“எடது பக்கம் குடுத்தாத்தான் நல்லாக் குடிக்கும்” என்றாள் முத்தம்மா. அது சீசாப் பால் குடிக்கப் போகிற குழந்தை. உள்ளே இருந்தவருக்கும் அது தெரியும். “சரிம்மா, எடது கையில வெச்சுக் குடுக்கறோம்” என்றார் அவர். பிறகு, “பேரு வெச்சிருந்தா சொல்லுங்க. சொல்லணும்னு கட்டாயம் இல்ல” என்றார்.

“வெக்கல. பொறந்து ஒம்பது நாளுதான் ஆச்சு. பதினாறாம் நாளுதான் வெப்போம்” என்றாள் முத்தம்மா.

“நாங்க பதினாறாம் நாளே வெக்கறோம். மனசு மாறினா ஒரு மாசத்துக்குள்ள முன்வாசலுக்கு வாங்க. யாரும் ஏசமாட்டாங்க. இப்ப கைய எடுங்கம்மா. அவசரம் இல்ல.”

அவசரம் இல்லை என்று சொன்னதால்தான் அவளால் எடுக்க முடிந்தது என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. எவ்வளவு என்று நான் மணி பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் நேரம் குறிக்காத இடம் அது ஒன்றுதான். அவள் கையை எடுத்தாள், தானே கதவைச் சாத்தினாள்.

ஒன்று நாற்பது வண்டியில் திரும்பினோம். கிள்ளானில் மூன்று மணிக்கு இறங்கினோம். நாலேகால் பஸ்ஸில் மேரு. தோட்டத்துப் பாதையில் அவளால் நடக்க முடியவில்லை, ஒரு மாட்டு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்குள் போனதும் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தாய் தனியாகப் போகவே கூடாது. கூட ஒரு பெண் போக வேண்டும். அந்தப் பெண் முன்பே ஒரு முறை இடத்தைப் பார்த்து வந்திருந்தால் நல்லது, சந்தில் நின்று தேடக் கூடாது. கையில் ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது இருநூறு காசு, இருந்தால் போதும். பால் கொடுத்த நேரத்தை நினைவில் வையுங்கள். கட்டாயமாகக் கேட்பது அது ஒன்றுதான். குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் தொட்டிலில் வைக்காதீர்கள், முன்வாசலில் சொல்லிக் கொடுங்கள். அங்கேயும் தாயின் பேர் கேட்பதில்லை.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். திரும்பி வந்த பிறகு மார்பில் பால் கட்டும். நாலைந்து நாள் காய்ச்சலும் வலியும் இருக்கும். துணியால் கட்டுங்கள், மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினாலும் தணியும். அந்த நாட்களில் அவளைத் தனியாக விடாதீர்கள். மறந்துவிடு என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். முத்தம்மாவிடம் அந்தப் பதினொரு பெண்களும் முறை போட்டு உட்கார்ந்தார்கள். புல் வெட்டில் அவள் பங்கையும் சேர்த்து வெட்டினார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அம்மாவின் வீட்டில் அவளை இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. அந்தக் கால்வாயை நினைத்தால் அந்த எண்ணம் போய்விடுகிறது. ஒரு மாதம் கழிந்தது. முத்தம்மா முன்வாசலுக்குப் போகவில்லை.

ஐப்பசியில் அவள் புருஷன் வந்து சேர்ந்தான். அன்று நான் அந்த வரிசையில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முத்தம்மாவைப் பார்த்தபடியே நின்றான். “என்னடி இப்பிடி எளைச்சுப் போயிட்ட?” என்றான். கெட்டவனாகத் தெரியவில்லை. குரலில் பதற்றம்தான் இருந்தது. முத்தம்மா மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். வாசல்களில் நின்றிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அஞ்சலைதான் முன்னால் வந்து அவன் கையில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

“காச்சல்ல படுத்துட்டா தம்பி. நாங்கதான் பாத்துக்கிட்டோம்” என்றாள்.