பாதியில் நின்ற மலை ரயில்

"ராட்டினத்துல ஏறினாலே வாந்தி எடுக்கிற பொண்ணு, மெட்ராசுல தனியா போயி இன்னாத்த படிச்சிக் கிழிக்கப் போவுது?"

அக்காள் புருஷன் சொன்னது இது. அவரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழி பண்ணிக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். போன வாரம் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி போகும் குட்டி ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது, அந்த வாக்கியமும் கூடவே ஏறி என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் விளக்கெண்ணெய். எதிர்ப் பலகையில் ஒரு அம்மாள், மடியில் கிடந்த குழந்தையின் தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்த எண்ணெய் வயிற்றுக்கு வந்ததைவிட வண்டி அச்சுக்குப் போனதுதான் அதிகம். நைனா, அதாவது என் அப்பா, திருத்தணி ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்குச் சவாரி ஏற்றுகிற ஒற்றை மாட்டு வண்டி வைத்திருந்தார். சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டால், எத்தனை அலம்பினாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. அந்தக் கையால் அவர் துடைத்துக் கொடுத்த என் சிலேட்டிலும் அது இருந்தது. வகுப்பில் பக்கத்துப் பெண் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்காருவாள். அவள் தள்ளத் தள்ள எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. கையை வீசி எழுதிப் பழகியது அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் சிலேட்டைப் பிடித்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கர்வம் என்றால் கர்வம்தான், இருக்கட்டும்.

ஆனால் பாருங்கள், வண்டிக்காரர் மகளுக்கு வண்டியே ஆகாது. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத் திடலில் மர ராட்டினம் போடுவார்கள். நாலு பெட்டி, சுற்றிவிட இரண்டு ஆள். எனக்கு எதிர்ப் பெட்டியில் எப்போதும் ஒரு பருத்த குடும்பம் வந்து அமையும். அவர்கள் கீழே போனால் நான் மேலே தூக்கி எறியப்படுவேன். அவர்களை ஒருவழியாக மேலே ஏற்றியதும் ஆட்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றுவிடுவார்கள். நான் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கிக்கொண்டு, எல்லாருடைய முழங்காலையும் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன்.

யுத்த காலத்துக் கரி பஸ் இன்னொரு கஷ்டம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஒரு உருளை அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்காக அதில் போனோம். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். மேடு தாண்டியதும் பஸ் அவர்களை விட்டுவிட்டு ஓடும், அவர்கள் துரத்திக்கொண்டு வருவார்கள். பந்தலில் போய் இறங்கியபோது எல்லாருக்கும் முகம் ஒரே கறுப்பு. எனக்கு மட்டும் பச்சை என்று அக்காள் சொன்னாள்.

பாவா சொன்னதில் பொய் இல்லை என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். அவர் அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தார். சக்கரம் உள்ள எதுவும் அவருக்குச் சொந்தம் மாதிரி. நான் எட்டாவது தேறியிருந்தேன். மெட்ராசில் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில், ஆவணி பிறந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். நைனாவுக்கு அனுப்ப ஆசை. மருமகன் பேச்சைத் தட்டுவதற்கு மட்டும் பயம்.

அந்த ஆடியில்தான் திடலுக்கு மலை ரயில் வந்தது.

கொண்டுவந்தவர் மெட்ராஸ்காரர், பழைய பட்டாளத் தொப்பி ஒன்று போட்டிருப்பார். யுத்தத்துக்குப் போட்ட குட்டித் தண்டவாளத்தை ஏலத்தில் எடுத்து, சவுக்குக் கட்டைகளை நட்டு, அதன்மேல் ஒரு பெரிய ஏற்றம், ஒரு பள்ளம், பிறகு ஒரு சின்ன ஏற்றம் என்று வளைத்துப் போட்டார். வாசலில் ஒரு படம். அதில் மேகத்துக்கு மேலே ஒரு ரயில். வெள்ளைக்காரிகள் தலைமயிர் பறக்கக் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தப் படத்தின் முன்னால் நான் நின்ற நேரத்துக்கு ஒரு தொழில் கற்றிருக்கலாம். எனக்கு அப்போது எங்கேயாவது போயாக வேண்டும் என்று கால் துடித்துக்கொண்டே இருந்தது. ரயிலடியில் வண்டி ஊதினால் தெருவுக்கு ஓடி வருவேன். எந்த வண்டி, எங்கே போகிறது என்பதெல்லாம் எனக்கு முக்கியம் இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் பாவா அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மேலும் சொன்னார். "அந்த மலை ரயில்ல ஒரு தபா வாந்தி எடுக்காம வரட்டும் மாமா. நானே கொண்டு போயி மெட்ராசுல வுட்டுட்டு வரேன். எடுத்துட்டான்னா, வூட்டோட இருக்கட்டும்."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பார்த்தார்.

"ஆங்," என்றார். "அதுவும் சரிதான்."

எட்டு வருஷப் படிப்பை ஒரு வயிறு தீர்மானிப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முடியாது என்று சொன்னால், பயந்துவிட்டேன் என்பார்கள். "வரேன் பாவா, நீங்களும் கூட வந்து உக்காருங்க," என்றேன்.

கிருத்திகை அன்று காலை வெறும் வயிற்றோடு போக உத்தேசித்திருந்தேன். அம்மா விடுவாளா? "சாமி நாளும் அதுவுமா பசியோட போவாத," என்று வெல்லப் பொங்கலைக் கையில் வைத்து, நான் விழுங்குகிறேனா என்று நின்று பார்த்தாள். தாயன்பு சில சமயம் நேரே தொண்டையில் வந்து உட்காரும்.

திடலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேலே ஏறுகிற எதுவும் முருகன் சமாச்சாரம்தான். மலை ரயிலில் ஏற வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். புது வண்டி ஆயிற்றே என்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். தொப்பிக்காரருக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். பக்தி முற்றிய ஒருவர் தண்டவாளத்திலேயே ஒரு தேங்காயைச் சிதறு போட்டதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

நாலு பலகை போட்ட பெட்டி. கடைசிப் பலகையில் நானும், சலவை வேட்டியில் பாவாவும். சக்கரங்களில் விளக்கெண்ணெய் சொட்டியது. அந்த வாடையிலேயே எனக்குப் பாதி தைரியம் போயிற்று. அந்தப் பக்கம் இரண்டு மாடுகள் கயிற்றை இழுக்க, பெட்டி ஏறத் தொடங்கியது. கூட்டம் ஒரே குரலாக "அரோகரா" என்றது. நகரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த தெலுங்குப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உச்சியில் ஒரு கணம் நின்றது. மலைப் படிகள் முழுக்கப் பூக்காவடிகள் ஏறிக்கொண்டிருந்ததை அங்கிருந்து பார்த்தேன். இங்கே இப்படியே நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொக்கி விடுபட்டது. ஏறுவதற்கு அரோகரா உண்டு. இறங்குவதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல்லும் இல்லை. கூட்டம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. பெட்டி இறங்கவில்லை, விழுந்தது. பலகை ஒரு பக்கம் போனால் என் இடுப்பு இன்னொரு பக்கம் போயிற்று. பள்ளத்தில் கிடந்த தேங்காய் ஓடு சக்கரத்தில் மாட்டி, இரும்பும் கட்டையும் எங்கள் பற்களும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. வேகம் செத்துவிட்டது. சின்ன ஏற்றத்தில் பாதி ஏறி, மனசில்லாமல் திரும்பி வந்து, தூளி மாதிரி இரண்டு ஆட்டம் ஆடிப் பள்ளத்தில் நின்றது.

இவ்வளவுதானா என்று நான் நினைத்தேன். அந்த நினைப்போடு பொங்கலும் வந்தது. நேரே பாவாவின் சலவை வேட்டியில்.

வேட்டி போன வருத்தத்தைவிட அவருக்குச் சந்தோஷம்தான் அதிகம். கீழே குதித்து நைனா நின்ற பக்கம் திரும்பி, வேட்டியை விரித்துக் காட்டினார். "பாத்துக்க மாமா. நான் சொல்லல?"

எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கினால் அடுத்த அடி வீடு, அதற்கடுத்து அடுப்பு, அவ்வளவுதான் என்று தெரிந்தது. கை தானாகவே பலகையைப் பிடித்துக்கொண்டது.

"எறங்கும்மா, ஆயிடுச்சு," என்றார் தொப்பிக்காரர்.

"ஆவலியே. முடிவு அங்கல்ல கீது?" என்று சின்ன ஏற்றத்துக்கு அப்பால் இருந்த மணல் மூட்டைகளைக் காட்டினேன்.

"நாளைக்கு வா, சும்மாவே ஏத்திக்கினு போறேன்."

"நாளைக்கு வேணாம். ஏறியாச்சு. போயிட்டுத்தான் எறங்குவேன்."

"வாயெல்லாம் வழிஞ்சிகினு கீது, பேச்சப் பாரு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சிரித்தார்கள். தாவணி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது காவடியைத் தோளில் வைத்திருந்த ஒருவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு சொல்றது நாயந்தானே? திருவாலங்காட்டுத் தேரு பாதி வீதியில நின்னா, வுட்டுட்டு வூட்டுக்கா போறோம்?"

அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களிடம் தேர் என்ற சொல்லை விட்டுவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. நின்ற தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நடுவில் விட்டால் ஊருக்கு ஆகாது. யாரோ தாம்புக் கயிறு கொண்டுவந்தார்கள். யாரோ கட்டையைச் செதுக்கி, பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தார்கள். "ஐயா, இது தேர் இல்லீங்க, தானா ஓடற மிஷினுங்க," என்று தொப்பிக்காரர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சினார். "தானா ஓடறதுன்னா ஏன்யா நின்னுது?" என்று கேட்டுவிட்டு அவரையும் கயிற்றில் நிறுத்திவிட்டார்கள்.

கயிற்றின் முன் முனையில் யார் என்று பார்த்தேன். நைனா. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். பாவா அவர் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். நைனா திரும்பவில்லை. "அரோகரா" என்று முதல் குரல் கொடுத்தது அவர்தான். வாய் திறந்து பேசவே யோசிக்கிற மனிதர். அவ்வளவு பெரிய குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அரை அடி இழுப்பார்கள், முட்டுக்கட்டை வைப்பார்கள், மூச்சு விடுவார்கள், மறுபடி அரை அடி. சவுக்குக் கட்டைகள் முனகின. வெயில் ஏறியது. பாவாடையில் பொங்கல் கறையோடு, நாலு பலகைக்கும் நான் ஒருத்தியே சாமியாக உட்கார்ந்திருந்தேன். மேட்டின் உச்சியைத் தொட்டதும் கயிற்றை விட்டார்கள். பெட்டி அந்தப் பக்கம் சரசரவென்று இறங்கி, மணல் மூட்டையில் முட்டி நின்றது. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். வயிறு மட்டும் ஒரு தடவை லேசாகத் தூக்கிப் போட்டது. படத்திலிருந்த வெள்ளைக்காரிகள் எதற்குச் சிரித்தார்கள் என்று அப்போது கொஞ்சம் விளங்கியது.

பின்னால் சடசடவென்று சத்தம். இழுத்த இழுப்பில் சின்ன ஏற்றத்துக் கட்டைகள் சாய்ந்து, தண்டவாளம் ஒரு பக்கமாகத் தொங்கியது. மலை ரயில் அப்புறம் ஓடவில்லை. மறுநாளே அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு தடவை.

நைனாவின் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். தெரு முனையில் பாவாதான் ஆரம்பித்தார். "இருந்தாலும் மாமா, வாந்தி எடுத்தாளா இல்லியா?"

"எடுத்தா," என்றார் நைனா. மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். "எறங்கினாளா?"

ஆவணி பிறந்ததும் அவரே என்னை மெட்ராசுக்குக் கொண்டுபோய் விட்டார். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, வழியெல்லாம் அதற்குத் தண்ணீர் காட்டியிருப்பார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

இன்று அந்தத் திடலில் லாரிகள் நிற்கின்றன. கரி பஸ் போய்விட்டது, வெள்ளைக்காரனும் போய்விட்டான். ரயிலடிக்குப் பெட்ரோல் பஸ் வந்ததும் நைனா மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டார். அவர் கையில் இப்போது எந்த வாடையும் இல்லை. இங்கே கிளம்புமுன் ஊரில் இருந்தபோது அந்தக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, எதற்கு என்று அவர் கேட்டபோது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீலகிரி ரயிலில் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடுகிறது. எஞ்சின் முன்னால் இல்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஏற்றம் தொடங்கியபோது யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் பலகாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானே சின்னக் குரலில் "அரோகரா" என்றேன். எண்ணெய் தடவிய அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழந்தையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். நாலாவது வளைவிலோ ஐந்தாவது வளைவிலோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வழக்கம்போல எடுத்தேன்.

குன்னூரில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் வேலை ஒப்புக்கொண்டாயிற்று. முதல் காரியமாக நைனாவுக்கு ஒரு கார்டு போட்டேன்: எடுத்தேன், இறங்கவில்லை. நைனாவுக்குப் படிக்க வராது. பாவாதான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும். அதற்காகவே எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதினேன்.

ரயில் இங்கே நின்றுவிடுவதில்லையாம். மேலே உதகமண்டலம் வரை போகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்.