வண்டுக்கு மருந்து அடிக்காதீர்கள்

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தரும் செம்பனை மரத்தின் ஆண்பூவில் மொய்க்கும் சின்னஞ்சிறு பழுப்பு வண்டுகள்மீது மருந்து அடிக்காதீர்கள். அவைதான் மரத்தைக் காய்க்க வைக்கின்றன.

இதை ஏன் முதல் வரியில் சொல்கிறேன் என்பதுதான் மீதிக் கதை. இணையத்தில் அறிவியல் எழுத வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். பாலோ ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை. இருபது வருடம் குலை வெட்டினேன். இப்போது மரக்கணக்கு எடுக்கிறேன்.

1. மூன்று நாள் கழித்துக் கேட்ட கேள்வி

ஒரு தடவை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டெய்சி மிஸ் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். குளுவாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். வண்டு எண்ண வந்திருக்கிறார் என்று சொன்னபோது தோட்டமே சிரித்தது. ஆண்பூவை வெட்டிப் பையில் கட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அதிகம் பேசாத ஆள் என்பதால், எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னை அனுப்பினார்.

செம்பனை ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக விடும். ஆண்பூ விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். விரிந்ததும் சோம்பு வாசம் வீசும். வண்டுகள் அதைத் தின்னத்தான் வருகின்றன. ஆனால் அவை பெண்பூவுக்கும் போவதை நான் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். அங்கே தின்ன ஒன்றும் கிடையாது. பிறகு எதற்குப் போகின்றன?

கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் பையைக் கட்டிக்கொண்டே, மரத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

டெய்சி மிஸ் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். "அண்ணே, இதக் கேக்கவா மூணு நாளா முழிச்சிக்கிட்டு இருந்தீங்க? நல்ல கேள்விலா இது!"

பிறகு சொன்னார். பெண்பூவும் அதே சோம்பு வாசத்தைக் கொஞ்ச நேரம் விடுமாம். வண்டு ஏமாந்து உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புமாம். போகும்போது உடம்பில் ஒட்டியிருந்த ஆண்பூத் தூள் அங்கே உதிர்ந்துவிடும். அதுதான் மகரந்தச் சேர்க்கை. அதனால்தான் குலையில் பழம் பிடிக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. இருபது வருடம் நான் வெட்டிய குலையெல்லாம் ஏமாந்த வண்டுகள் கொடுத்தது.

2. கை அண்ணன்

"இத நீங்க எழுதுங்க அண்ணே. நான் எழுதுனா யாரும் படிக்க மாட்டேங்கறாங்க" என்றார் டெய்சி மிஸ். அப்படித்தான் என் வலைப்பூ தொடங்கியது. ஒரு விரலால் போனில் தட்டித் தட்டி எழுதுவேன். மிஸ் தகவலை மட்டும் சரிபார்ப்பார். என் தமிழைத் திருத்தக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். ஒரு தடவை அவர் திருத்திக் கொடுத்ததை எனக்கே படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை.

பிறகு வீடியோவும் போட ஆரம்பித்தேன். முகத்தைக் காட்ட வெட்கம். கையை மட்டும் காட்டுவேன். என் வலது கையில் சுண்டுவிரல் நுனி இருக்காது. அது பழைய அரிவாள் வேலை. பார்ப்பவர்கள் எனக்குக் 'கை அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. முகம் கேட்காத பெயர்.

3. நான்காவது நிமிடம்

வண்டைப் பற்றி நாலு நிமிட வீடியோ ஒன்று எடுத்தேன். என் மனைவி சரோஜா மாலை நேரத்துத் தொடர் ஒன்றையும் விடமாட்டாள். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, எடுத்த எடுப்புல நல்ல வண்டுன்னு சொல்லிட்டீங்க. அப்பறம் யாரு உக்காந்து பாப்பா? கடைசி வரைக்கும் இழுக்கணும்."

சரி என்று பட்டது. மிஸ் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போனில் மாட்டி வண்டின் நீண்ட மூக்கைத் திரை முழுவதும் காட்டினேன். பின்னால் டம் டம் என்று ஒரு மேள ஓசை. என் குரல்: "உங்கள் செம்பனை மரத்தில் இந்த வண்டு இருக்கிறதா? ஆயிரக்கணக்கில் இருக்கும்! உங்கள் மகசூலை இது என்ன செய்கிறது தெரியுமா?" நல்ல வண்டு என்ற பதில் நான்காவது நிமிடத்தில் வரும்.

டெய்சி மிஸ் பார்த்துவிட்டு, "தகவல்ல ஒரு தப்பும் இல்ல அண்ணே" என்றார். உண்மைதான். ஒரு தப்பும் இல்லை.

அந்த வாரம் என் வீடியோப் பக்கத்தில் என்றும் இல்லாத கூட்டம். சரோஜா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கருத்துகளைப் படித்தேன்.

"அண்ணே, சாஆ ஊருல என் ஏழு ஏக்கர்லயும் இந்த வண்டு மொய்க்குது. நாளைக்கி மருந்தடிக்க ஆள் பேசிட்டேன். தக்க சமயத்துல சொன்னீங்க. நன்றி."

எழுதியவர் பெயர் மெய்யப்பன். அதன் கீழே இன்னும் ஆறு பேர்: "எங்கிட்டயும் இருக்கு. என்ன மருந்துன்னு சொல்லுங்க அண்ணே."

சோற்றை மூடி வைத்தேன். பூ விரிந்திருக்கும்போது மருந்து அடித்தால் வண்டுகள் கொத்துக் கொத்தாகச் சாகும். உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் போல் கழித்துக் குலை வெட்டும்போதுதான், பாதிப் பழம் பிடிக்காமல் வெளுத்துக் கிடப்பது தெரியும். அப்போது யாருக்கு ஞாபகம் வரும், எதனால் என்று? என்னை நம்பி ஏழு பேர் தங்கள் மரத்தைத் தாங்களே கெடுக்கப் போகிறார்கள்.

ஏழு பேருக்கும் பதில் எழுதினேன். வீடியோவின் தலைப்பை 'இது நல்ல வண்டு' என்று மாற்றினேன். பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து தலைப்பையா படிப்பார்கள்? மெய்யப்பனுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். அந்தப் பக்கத்திலிருந்தே அழைத்தும் பார்த்தேன். எடுக்கவில்லை.

டெய்சி மிஸ்ஸைக் கூப்பிட்டேன். "வீடியோவ அழிச்சிடவா மிஸ்?"

"அலமாக், அழிச்சிராதீங்க! அழிச்சா அந்த ஏழு பேரு எழுதுனதும் போயிரும். அப்பறம் அவங்கள எங்க தேடுறது?" பிறகு அவரே சொன்னார்: "நானும்தானே பாத்தேன் அண்ணே. எனக்கும் தோணல. வண்டு நல்லதுன்னு நமக்குத் தெரியும்ல, அதான் பயமே வரல."

மெய்யப்பனின் பக்கத்தில் அவருடைய துணிக்கடைப் படம் இருந்தது. ஆயுத பூஜைக்கு எடுத்தது. பெயர்ப்பலகையில் போன் நம்பர் இருந்த இடத்தை மாலை மறைத்திருந்தது. கடைப் பெயர் மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சரோஜா வாசலில் நின்றாள். "நான்தான் இழுக்கச் சொன்னேன். நானும் வரவா?"

"வேணாம். நீ வந்தா அங்கயும் கடைசி வரைக்கும் இழுப்ப" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

4. சுண்டுவிரல்

சாஆவில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடையில் இருந்த பெண், "மொதலாளி தோட்டத்துக்குப் போயிட்டாரு" என்று வழி சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது மருந்துப் பம்பை முதுகில் மாட்டிய இந்தோனேசியத் தொழிலாளி முதல் மரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் குடையோடு நின்றவர் மெய்யப்பன் ஐயாதான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். இறங்கியதும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஓடிப்போய் மரத்துக்கும் பம்புக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"யாருப்பா நீ? மருந்து மேல படும்பா, தள்ளு!"

வேறு வழி தெரியாமல் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் கையைப் பார்த்தார். சுண்டுவிரலைப் பார்த்தார். குடை கீழே விழுந்தது.

"அட! கை அண்ணன்! அண்ணேன்னு எழுதிக்கிட்டிருந்தேன், தம்பியால்ல இருக்கீங்க! மருந்தடிக்கிறத படம் புடிக்க வந்தீங்களா?"

"அடிக்காதீங்க ஐயா" என்றேன். "நல்ல வண்டு."

"என்னது? நீங்கதானய்யா பேய்ப்படம் மாதிரி டம் டம்முன்னு காட்டுனீங்க!"

"கடைசில நல்லதுன்னு சொல்லியிருக்கேன் ஐயா. நாலாவது நிமிஷத்துல."

"நாலு நிமிஷம் எவன்யா பாப்பான்? சேலை எடுக்க ஆள் வந்திருச்சு, நான் பாதியில போயிட்டேன்."

தொழிலாளி பம்போடு காத்திருந்தார். "ஜாடி தக், போஸ்?" அடிப்பதா வேண்டாமா என்று கேட்டார். ஐயா கையை நீட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லித்தான் அடிக்க வந்தேன். இப்ப நீங்களே வேணாங்குறீங்க. எத நம்புறது?"

நியாயமான கேள்வி. விரிந்த ஆண்பூவிலிருந்து ஒரு விரலை ஒடித்து அவர் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தார். "சோம்பு!" என்றார். பெண்பூவைக் காட்டினேன். அதில் வண்டுகள் நுழைவதையும் வெளியே வருவதையும் காட்டினேன். மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வெட்கம் மறந்துவிடுகிறது.

"இந்த வண்டு நம்ம நாட்டுக்கு வர்றதுக்கு முன்னால எங்கம்மாதான் இந்த வேலைய செஞ்சாங்க ஐயா. பூத்தூள பவுடரோட கலந்து, மரம் மரமா போயி பொம்பளப் பூவுல ஊதுவாங்க. அப்பறம் ஆப்பிரிக்காவுலேருந்து வண்ட கொண்டாந்து விட்டாங்க. இப்ப நீங்க வண்ட கொன்னுட்டா, ஏழு ஏக்கருக்கும் நீங்கதான் ஊதணும்."

"எனக்குக் கடைப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது" என்றார் ஐயா. பிறகு தொழிலாளியிடம், "தா ஜாடி, தா ஜாடி" என்று, வேண்டாம் என்பதாகக் கையை ஆட்டினார். பம்பு கீழே இறங்கியது. என் முதுகிலிருந்தே இறங்கியது போல இருந்தது.

"சரி தம்பி, நான் தப்பிச்சேன். மத்த ஆறு பேருக்கு யாரு சொல்றது?" என்றபடி அவர் தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் முகத்தைத் திருப்பினேன்.

"இங்க பாருங்க தம்பி. பயமுறுத்துனப்ப மூஞ்சியக் காட்டல. மன்னிப்புக் கேக்குறப்பயாவது காட்டணும்லா."

பார்த்தேன். "மருந்து அடிக்காதீங்க. இது நல்ல வண்டு. இதாலதான் பழம் பிடிக்குது. தப்பா புரியுற மாதிரி காட்டுனது நான்தான், மன்னிச்சிருங்க." அவ்வளவுதான் வந்தது. ஒரு வண்டு என் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அதையும் சேர்த்தே ஐயா பதிவு செய்துவிட்டார். அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினோம்.

5. ஏழாவது ஆள்

ஞாயிறு மாலைக்குள் ஐந்து பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அதில் முக்கால்வாசிப் பேர் தும்மலைப் பற்றித்தான் எழுதினார்கள். செடெனாக்கிலிருந்து எழுதிய ஓர் அம்மா மட்டும் பதில் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். புதன்கிழமை எழுதியிருந்தார்: "மருந்த கடையில திருப்பிக் குடுத்துட்டேன் அண்ணே. கடைக்காரர் ஏன்னு கேட்டார். உங்க வீடியோவக் காட்டினேன். முழுசும் பார்த்தார்."

முழுவதும் என்றால், அந்த மன்னிப்பு வீடியோ அரை நிமிடம்கூட இல்லை.

சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். "தும்முறதுல முடிஞ்சா எல்லாருந்தான் கடைசி வரைக்கும் பாப்பாங்க" என்றாள். தோற்றதாக ஒத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

மெய்யப்பன் ஐயா இப்போதும் குலை வெட்டும் நாளில் படம் அனுப்புகிறார். நெருக்கமாகப் பழம் பிடித்த குலை, பக்கத்தில் அவர் கை. சுண்டுவிரலை மடக்கிக் காட்டியிருப்பார்.

நான் கற்றது இதுதான். சொல்வது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. பாதியில் எழுந்து போகிறவர் கையில் எந்தப் பாதி போகிறது என்று பார்க்க வேண்டும்.

இதுவரை படித்தவர்களுக்கு நன்றி. முதல் வரியோடு எழுந்து போனவர்களுக்கும் நன்றி. அவர்களும் மருந்து அடிக்க மாட்டார்கள்.